துபாய்க்காரர் யுஎஸ்டிடியில் தருகிறாராம்: அந்த டாலர் எங்கே இருக்கிறது?

செந்தூல்காரி · செவ்வாய், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். செந்தூலில் வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, மெனு கார்டு, லோகோ என்று டிசைன் வேலை செய்கிறேன். துபாயில் உணவகம் நடத்தும் ஒருவருக்கு மெனுவும் பெயர்ப்பலகையும் செய்து கொடுத்தேன். 640 டாலர் வரவேண்டும். போன முறை வங்கி வழியாக அனுப்பினார். இடையில் யார் யாரோ பிடித்துக்கொண்டதில் என் கைக்கு வந்தபோது 40 டாலர் குறைந்திருந்தது, ஐந்து நாளும் ஆயிற்று. இந்த முறை, "யுஎஸ்டிடியில் (ஒன்று ஒரு டாலர் என்கிற கிரிப்டோ காசு) தரட்டுமா? எந்த நெட்வொர்க் வேண்டும்?" என்று கேட்டார். நான் என் கைப்பேசி நிறுவனத்தின் பெயரை, "மேக்சிஸ்" என்று பதில் போட்டுவிட்டேன். இரண்டு நாளாகச் சிரிக்கிற எமோஜி மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

நீங்களும் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். டச் அண்ட் கோ இ-வாலட்டில் 50 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்றால், அந்த 50 வெள்ளியை ஒரு நிறுவனம் எங்கோ வைத்திருக்கிறது, தகராறு வந்தால் போன் அடிக்க ஓர் இடம் இருக்கிறது. இந்த யுஎஸ்டிடியில் "1 டாலர்" என்று காட்டுகிறதே, அந்த டாலர் எங்கே? என் கைப்பேசிக்குள்ளா, துபாயிலா, அமெரிக்காவிலா? யூடியூபில் தேடினால் எல்லாரும் "நீங்களும் கோடீஸ்வரர் ஆகலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் செய்த வேலைக்குக் கூலி வந்தால் போதும்.

நடுநிசி_நாசிகண்டார் · செவ்வாய், இரவு 9:58

மேக்சிஸ்! இந்த வாரத்துக்கு இது போதும்.

அக்கா, 40 டாலர் போனாலும் போகட்டும், வங்கியே மேல். தெரியாத சாமானில் கூலி வாங்காதீர்கள். பாயான் அண்ணன் வருவார், அவர் சொல்லட்டும்.

பாயான்_லெப்பாஸ் · செவ்வாய், இரவு 11:20

வந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வீடு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, யுஎஸ்டிடி உங்கள் கைப்பேசிக்குள் வருவதே இல்லை. பொது பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. செட்டியார் கடையில் இருந்த அதே பேரேடுதான். ஆனால் அங்கே ஒரே புத்தகம், ஒரே கணக்கப்பிள்ளை. இங்கே எத்தீரியம் என்ற பேரேட்டின் பிரதியை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருக்கின்றன. எழுதியதை எல்லாரும் பார்க்கலாம், ஒருவர் தன் பிரதியில் திருட்டுத்தனமாக ஒரு வரியை மாற்றினால் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகாது.

இந்தப் பேரேட்டுக்குள் யார் வேண்டுமானாலும் ஒரு சிறு நிரலை எழுதி வைக்கலாம். அதற்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெரிய பெயர். யுஎஸ்டிடியும் அப்படி ஒரு நிரல்தான். அதைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் இருப்பது இரண்டு பத்தி உள்ள ஒரு பட்டியல்: இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் ஓர் எண். உங்களுக்கு 640 வந்தால் உங்கள் முகவரிக்கு எதிரே 640000000 என்று ஏறும். ஆறு சைபர் கூடுதலாக இருக்கிறதே என்று குதிக்க வேண்டாம். நிரல் புள்ளி வைத்த எண்ணைத் தொடாது. டாலரைப் பத்து லட்சம் துண்டாக்கி முழு எண்ணாகவே எழுதிவைக்கும். வாலட் செயலிதான் நமக்காகப் புள்ளி வைத்துக் காட்டுகிறது.

துபாய்க்காரர் "அனுப்பு" என்று அழுத்தும்போது எதுவும் கடல் தாண்டி வருவதில்லை. "என் எண்ணில் 640 கழி, இந்த முகவரியில் 640 கூட்டு" என்று ஒரு சீட்டு எழுதி, தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டு நெட்வொர்க்கில் விடுகிறார், அவ்வளவுதான். கையெழுத்து அந்த முகவரிக்குரியதா, இருப்பு போதுமா, கட்டணம் கட்டியாயிற்றா என்று கணினிகள் பார்த்து, சரியென்றால் அடுத்த பிளாக்கில், அதாவது பேரேட்டின் அடுத்த பக்கத்தில், ஏற்றும். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக், ட்ரோன் என்ற இன்னொரு பேரேட்டில் 3 நொடிக்கு ஒன்று. ஞாயிறு, தீபாவளி, நள்ளிரவு எதுவும் அதற்குக் கணக்கில்லை. ஏறியது ஏறியதுதான், "தப்பாக அனுப்பிவிட்டேன்" என்று போன் அடிக்க யாரும் இல்லை.

உங்கள் கைப்பேசியில் இருப்பது அந்தச் சாவி மட்டும்தான். வாலட் என்று பெயர் வைத்தவனை உதைக்க வேண்டும், அது சாவிக்கொத்து. 12 சொல் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுமே, அந்த 12 சொல்லிலிருந்துதான் சாவி பிறக்கிறது. அதைப் படம் பிடித்து வாட்சாப்பில் தம்பிக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது "எந்த நெட்வொர்க்", அதாவது எந்தப் பேரேடு, என்ற கேள்வி. யுஎஸ்டிடி 2014இல் பிட்காயினின் மேல் ஆம்னி என்ற அடுக்கில் ஓட ஆரம்பித்தது. பிறகு எத்தீரியத்துக்கு வந்தது, 2019இல் ட்ரோனுக்கும் போனது. எத்தீரியத்தில் உள்ளதை இஆர்சி-20 என்பார்கள், ட்ரோனில் டிஆர்சி-20. இஆர்சி-20 என்பது 2015இல் ஃபேபியன் ஃபோகல்ஸ்டெல்லர் முன்வைத்த ஒரு பொது அளவு, நம் வீட்டு மூன்று முள் பிளக் மாதிரி. யுஎஸ்டிடி மாதிரி நிரலை, அதாவது டோக்கனை, எழுதுகிறவர் எல்லாரும் "இருப்பு எவ்வளவு", "மாற்று", "மொத்தம் எவ்வளவு" என்ற அதே கதவுகளை வைத்தால், எந்த வாலட்டும் எந்த டோக்கனோடும் பேசும். ஆனால் எத்தீரியம் ஒரு பேரேடு, ட்ரோன் வேறொரு பேரேடு. ஒன்றில் உள்ளது மற்றதற்குத் தெரியாது. ஃபெரி டிக்கெட்டை வைத்துக்கொண்டு கேடிஎம் ரயிலில் ஏற முடியாதே, இரண்டிலும் பட்டர்வொர்த் என்று போட்டிருந்தாலும்.

செந்தூல்காரி · புதன், காலை 8:05

அண்ணே, ரொம்ப நன்றி. எல்ஆர்டி ஸ்டேஷனில் வாங்கும் நீல பிளாஸ்டிக் டோக்கன் மாதிரி என்று நானாக ஒரு வழி பிடித்துக்கொண்டேன். டோக்கனுக்குள் காசு இல்லை, ஆனால் அதைக் காட்டினால் கேட் திறக்கும்.

ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் எண்ணைப் பற்றி. 640 என்பது ஓர் எண், சரி. அது டாலர் என்று யார் சொன்னது? நானும் "செந்தூல் வெள்ளி" என்று ஒரு நிரல் எழுதி என் பெயருக்கு எதிரே 640000000 என்று போட்டுக்கொள்ளலாமே?

பாயான்_லெப்பாஸ் · புதன், காலை 8:31

தாராளமாகப் போடலாம். ஒரு மணி நேர வேலை. பெயரைக்கூட "யுஎஸ்டிடி" என்றே வைக்கலாம், நிரல் தடுக்காது. அப்படிப் போலி யுஎஸ்டிடி அனுப்பிச் சரக்கு வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாலட்டில் 640 என்று காட்டும், விற்கப் போனால் யாரும் தொட மாட்டார்கள். அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், கான்ட்ராக்ட் முகவரியை, அதாவது அந்த நிரலின் சொந்த முகவரியைப் பாருங்கள். ட்ரோனில் உண்மையானது டி, ஆர், 7 என்று தொடங்கும். தொடக்கம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ளதோடு கடைசி எழுத்து வரை ஒப்பிட வேண்டும்.

நீங்கள் கேட்டதுதான் இதில் உள்ள ஒரே பெரிய கேள்வி அக்கா. பேரேடு கூட்டிக் கழிப்பதில் தப்பே செய்யாது. ஆனால் அந்த எண் ஒரு டாலருக்குச் சமம் என்ற விஷயம் பேரேட்டில் எங்கேயும் இல்லை. அது பேரேட்டுக்கு வெளியே ஓர் ஆபீஸ் கொடுத்த வாக்கு.

அந்த வாக்கு இப்படி நடக்கிறது. ஒரு பெரிய நிறுவனம் டெதரின் வங்கிக் கணக்கில் 10 லட்சம் டாலர் போடுகிறது. டெதர் தன் சாவியால் நிரலைத் திறந்து 10 லட்சம் டோக்கனைப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்கிறது. இதை மின்ட் என்பார்கள். திரும்பக் கொண்டுவந்தால் டோக்கனை அழித்துவிட்டு டாலரைக் கொடுக்கிறது. வாங்கிய டாலரை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம் போன்றவற்றில் போட்டு வைக்கிறது. அக்கா, உங்கள் டாலர் இருப்பது அங்கேதான்.

சந்தையில் விலை 98 சென்னுக்கு இறங்கினால் பெரிய வியாபாரிகள் அள்ளி வாங்கி, டெதரிடம் கொடுத்து ஒரு டாலராக எடுப்பார்கள். அவர்கள் வாங்க வாங்க விலை ஏறும். 1.02க்கு ஏறினால் ஒரு டாலருக்குப் புதிதாக மின்ட் செய்து சந்தையில் விற்பார்கள், இறங்கும். இவர்களின் பேராசைதான் விலையை ஒரு டாலரில் பிடித்து வைக்கிறது. அந்தக் கதவு நமக்குத் திறக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். டெதரிடம் நேரடியாகக் கொடுத்து டாலர் வாங்கக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் வேண்டும். நீங்களும் நானும் சந்தையில் இன்னொருவரிடம் விற்க வேண்டியதுதான்.

தேதாரே_குறைவான_இனிப்பு · புதன், மதியம் 1:14

அண்ணன் "ஸ்டேபிள்காயின்" (யுஎஸ்டிடி மாதிரி ஒரு டாலரிலேயே நிற்கும் என்கிற காயின்) என்பதற்கு நல்ல முகத்தை மட்டும் காட்டுகிறார். டெர்ரா யுஎஸ்டி ஞாபகம் இருக்கிறதா? 2022 மே மாதம். அதுவும் "ஒரு டாலர்" என்றுதான் சொன்னது. பின்னால் வங்கியில் ஒரு சென் கிடையாது. லூனா என்று அவர்களே உண்டாக்கிய இன்னொரு காயின்தான் ஜாமீன். ஒரு யுஎஸ்டி கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா தருவோம் என்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கொடுக்க வந்தபோது லூனாவை அச்சடித்துக்கொண்டே போனார்கள். லூனா 80 டாலருக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் ஒரு சென்னுக்கும் கீழே போயிற்று, எண்ணிக்கை 6 லட்சம் கோடியைத் தாண்டியது. நான் ஒரு பைசா போடவில்லை, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் வேடிக்கை பார்த்தேன். பக்கத்து மேசைப் பையன் சாப்பிடாமலேயே எழுந்து போனான்.

அந்த டெர்ரா யுஎஸ்டியை ஆங்கர் என்ற இடத்தில் போட்டால் வருஷத்துக்கு 20 சதவீதம் அளவுக்கு வட்டி தந்தார்கள். நம் ஊரில் கூட்டு, அதாவது சீட்டு, கட்டி ஏமாந்தவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே மூக்கு வியர்த்திருக்க வேண்டும். கூட்டுக்கு எதிராக 1971இல் போட்ட சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் "கூட்டு" உட்கார்ந்திருக்கிறது, பெருமைப்படுவதா வெட்கப்படுவதா தெரியவில்லை.

பழைய_கேஷியர் · புதன், மாலை 5:47

தம்பிமார்களே, நான் ஜார்ஜ் டவுனில் ஒரு வங்கிக் கவுண்ட்டரில் 31 வருஷம் காசு எண்ணினவன். கிரிப்டோ எனக்குத் தெரியாது. ஆனால் பாயான் தம்பி சொன்ன "வேறொரு இடத்தில் உள்ள கையிருப்பை நம்பி ஓடும் பணம்" எனக்குத் தெரியும். நம் வீட்டிலேயே இருந்தது.

நீங்களெல்லாம் பிறக்குமுன் இங்கே ஓடிய டாலருக்கும் இப்படித்தான் ஆதாரம். 1906இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்னி என்று கட்டிவிட்டார்கள். நாணய வாரியம் இங்கே நோட்டு வெளியிடும், அதற்கு ஈடாகப் பவுன் ஸ்டெர்லிங் சொத்து வைத்திருக்கும். ஸ்டெர்லிங் கொடுத்தால் நோட்டு, நோட்டு கொடுத்தால் ஸ்டெர்லிங். தம்பி சொல்லும் மின்ட்டும் அழிப்பும் இதுதானே?

1967 ஜூன் 12இல் பேங்க் நெகாரா தன் சொந்த நோட்டை வெளியிட்டது, முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான் படம் போட்டது. பழைய நோட்டும் கூடவே ஓடியது. ஒன்றுக்கு ஒன்று. கடையில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது 11 வயது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். மிச்சம் பிடித்ததை மைலோ டின்னில் வைத்திருந்தார், எல்லாம் பழைய நோட்டு, எருமை பூட்டி உழும் பத்து வெள்ளித் தாள்.

நவம்பர் 18, சனிக்கிழமை, லண்டனில் பவுனின் மதிப்பைக் குறைத்தார்கள். புது வெள்ளியின் மதிப்பு குறையவில்லை. பழைய நோட்டு ஸ்டெர்லிங்கோடு கட்டியது, அதனால் அதோடு சேர்ந்து இறங்கியது. பழைய ஒரு வெள்ளி புது 85 சென். அப்பாவின் 140 வெள்ளி, 119 ஆயிற்று. டின்னுக்குள் எதையும் யாரும் தொடவில்லை. தாளில் எண் மாறவில்லை. 21 வெள்ளி போய்விட்டது, எங்கே போனது என்று அம்மா அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் என்ன சொல்வார் பாவம்.

24ஆம் தேதி தொழிற்கட்சி ஹர்த்தால் அழைத்தது. பினாங்கில் அது கலவரமாகி, ஊரடங்கு போட்டார்கள். பிற்பாடு வங்கியில் சேர்ந்து கணக்கு படித்தபோதுதான் எனக்கே விளங்கியது, நோட்டில் குறை ஒன்றும் இல்லை, அது எதன் மேல் நின்றதோ அது இறங்கியது என்று.

ஆகவே மகளே, "டாலர் எங்கே" என்று நீ கேட்டது சரியான கேள்வி. "அது எதில் இருக்கிறது" என்றும் கேட்டுக்கொள்.

நடுநிசி_நாசிகண்டார் · புதன், மாலை 6:20

அங்கிள், சிரிக்க வந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.

பாயான்_லெப்பாஸ் · புதன், இரவு 11:41

ஐயா, இதைப் படித்துவிட்டு ஷிப்டில் மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது 2023 மார்ச்சில் அப்படியே நடந்தது, மூன்று நாளைக்கு.

யுஎஸ்டிசி என்று இன்னொரு டோக்கன், சர்க்கிள் நிறுவனத்துடையது, 2018இலிருந்து ஓடுகிறது. ஒழுங்கானது என்று பெயர் எடுத்தது. அதன் கையிருப்பு சுமார் 40 பில்லியன் டாலர். அதில் 3.3 பில்லியன் சிலிக்கான் வேலி பேங்க்கில் இருந்தது. மார்ச் 10, வெள்ளிக்கிழமை அந்த வங்கியை மூடினார்கள். அன்று இரவே விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமை யுஎஸ்டிசி 87, 88 சென்னுக்கு இறங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த வார இறுதி. நான் சொன்னேனே, விலை இறங்கினால் வியாபாரிகள் வாங்கிக் கொடுத்து டாலர் எடுப்பார்கள் என்று? எடுக்க வேண்டிய வங்கிக்குச் சனி ஞாயிறு விடுமுறை. பேரேடு 12 நொடிக்கு ஒரு பிளாக் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, விற்கிறவர்கள் விற்றுக்கொண்டே இருக்கிறார்கள், டாலர் கொடுக்கும் கவுண்ட்டர் மட்டும் பூட்டியிருக்கிறது. ஞாயிறு மாலை அமெரிக்க அரசு வைப்புத்தொகை முழுக்கத் தரப்படும் என்றது, திங்கட்கிழமை விலை திரும்ப ஏறிவிட்டது. அந்த மூன்று நாளும் டோக்கனின் நிரலில் ஒரு எழுத்து மாறவில்லை, ஐயாவின் அப்பா டின் மாதிரியே.

கூலிம்_ஆடிட்டர் · வியாழன், காலை 7:55

என் பங்குக்குக் கொஞ்சம் கசப்பு.

டெதர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கணக்கு நிறுவனத்திடம் சான்று வாங்கி வெளியிடுகிறது. சான்று வேறு, முழுத் தணிக்கை வேறு. சான்று என்பது "இந்தத் தேதியில் பெட்டியைத் திறந்தோம், இவ்வளவு இருந்தது" என்பது. முந்தின நாள் என்ன இருந்தது, மறுநாள் என்ன ஆனது என்பதற்கு அது பொறுப்பு இல்லை. கடைக்காரர் என்னிடம் "இன்றைக்கு மட்டும் கல்லாப்பெட்டியை எண்ணுங்கள் சார்" என்றால் நான் எவ்வளவு நம்புவேனோ அவ்வளவுதான்.

பழைய கணக்கும் உண்டு. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி டெதருக்கு 41 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. 2016க்கும் 2018க்கும் இடையில் 26 மாதத்தை எடுத்துப் பார்த்ததில் 27.6 சதவீத நாட்களில் மட்டுமே டோக்கனுக்கு ஈடான பணம் கணக்குகளில் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் பெரிதாக வளர்ந்துவிட்டார்கள், 2025இல் யுஎஸ்டிடி 150 பில்லியனைத் தாண்டியது. 2024க்கு 13 பில்லியன் டாலருக்கு மேல் லாபம் என்று அவர்களே சொன்னார்கள். எங்கிருந்து என்கிறீர்களா? பெரும்பகுதி, நீங்கள் டோக்கனாக வைத்திருக்கும் டாலருக்கு அமெரிக்க அரசு கொடுக்கும் வட்டி. உங்களுக்கு வராது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஸ்டேபிள்காயின்களுக்கென்று ஜீனியஸ் சட்டம் வந்தது. ஈடு ஒன்றுக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் கையிருப்பை வெளியிட வேண்டும் என்றது. வெளியிடும் நிறுவனம் வைத்திருப்பவருக்கு வட்டி தரக்கூடாது என்றும் சொல்லிவிட்டது.

அப்புறம், "யாராலும் தொட முடியாது" என்று யூடியூப்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி இரண்டின் நிரலிலும் கறுப்புப் பட்டியல் என்று ஒரு கதவு இருக்கிறது. நிறுவனம் ஒரு முகவரியை அதில் போட்டால் அந்த எண் அங்கேயே உறைந்துவிடும். 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்கா, காசின் தடத்தை மறைத்துக் கொடுக்கும் டொர்னேடோ கேஷ் மேல் தடை போட்டதும் சர்க்கிள் அதன் முகவரிகளில் இருந்த யுஎஸ்டிசியை முடக்கியது. டெதரின் எத்தீரியம் நிரலில் முடக்கியதை அழிக்கவும் வழி உண்டு. திருடனைப் பிடிக்க நல்லதுதான். ஆனால் சாவி உங்களிடம் இருந்தாலும் பூட்டின் இன்னொரு சாவி அவர்களிடமும் இருக்கிறது.

நம் ஊர் நிலைமை: பேங்க் நெகாரா இதைச் சட்டப்படியான பணமாக ஏற்கவில்லை. டிஜிட்டல் சொத்துப் பரிமாற்றத் தளங்கள் 2019 ஜனவரியிலிருந்து செக்யூரிட்டீஸ் கமிஷனின் கீழ். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அதன் தளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத பெரிய பெயர்கள் மேலும் அவர்கள் நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள்.

கிள்ளான்_பஜாக் · வியாழன், காலை 10:30

அடகுக் கடையில் வேலை செய்பவன் என்ற தகுதியில் ஒன்று சொல்கிறேன். டாய் என்று ஒரு ஸ்டேபிள்காயின், 2017 கடைசியில் மேக்கர்டாவ் கொண்டுவந்தது. அதன் ஆரம்ப வடிவம் எங்கள் கவுண்ட்டரேதான். எத்தீரியத்தின் சொந்தக் காயினான ஈத்தரில் 150 டாலர் மதிப்புக்குப் பூட்டினால் அதிகபட்சம் 100 டாய் எடுக்கலாம். நகை விலை இறங்கினால் நாங்கள் ஆளைக் கூப்பிடுவோம், பொறுப்போம், திட்டு வாங்குவோம். அங்கே நிரல் பொறுக்காது, வரம்பைத் தாண்டியதும் ஏலம். வங்கியை நம்ப வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். பிறகு யுஎஸ்டிசியையே ஈடாக வாங்க ஆரம்பித்தார்கள். பாயான் சொன்ன அந்த மூன்று நாளில் டாயும் சேர்ந்து இறங்கியது. போலி நகையை ஈடு வாங்கிய புதுப் பையன் முகம் ஞாபகம் வந்தது. அது போலி இல்லை, தெரியும், ஆனாலும்.

ஈப்போ_வெள்ளைக்காப்பி · வியாழன், மதியம் 2:16

இவ்வளவு சரித்திரத்துக்கு நடுவில் என் மைத்துனன் கதையையும் கேளுங்கள் அக்கா, உங்களுக்கு இதுதான் உதவும். 300 யுஎஸ்டிடி. ஒரு பரிமாற்றத் தளத்தின் முகவரிக்கு அனுப்பினான், தளத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் எத்தீரியத்தில் மட்டும் வாங்குவார்கள். இவன் கட்டணம் குறைவு என்று பிஎன்பி செயின் என்ற வேறொரு பேரேடு வழியாகத் தட்டிவிட்டான். இரண்டிலும் முகவரி ஒரே வடிவம், 0எக்ஸ் என்று தொடங்கும், அதனால் செயலி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, பிஎன்பி பேரேட்டில் அந்த முகவரிக்கு எதிரே 300 என்று பளிச்சென்று தெரிகிறது. ஆனால் தளம் அந்தப் பேரேட்டைப் பார்ப்பதே இல்லை. ஏழு வாரம், பதினோரு மின்னஞ்சல், மீட்புக் கட்டணம். கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது, என்ன ஒரு கொடுமை.

இன்னொன்று. பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகல் எடுக்காதீர்கள். உங்கள் ஆள் முகவரியின் முதல் நாலு, கடைசி நாலு எழுத்து ஒத்துப்போகிற மாதிரி வேறொரு முகவரியை உண்டாக்கி, அதிலிருந்து சைபர் தொகையை உங்கள் பட்டியலில் ஏற்றி வைப்பார்கள். அடுத்த முறை அவசரத்தில் அதையே நகல் எடுப்பீர்கள்.

பாயான்_லெப்பாஸ் · வியாழன், இரவு 11:52

வெள்ளைக்காப்பி சொன்னது தங்கம். நான் விட்டதைச் சேர்க்கிறேன். ட்ரோனில் யுஎஸ்டிடி வாங்க உங்களுக்குச் செலவில்லை, அனுப்புகிறவருக்குத்தான். அந்தக் கட்டணத்தைச் சாதாரணமாக யுஎஸ்டிடியில் கட்ட முடியாது, டிஆர்எக்ஸ் என்ற அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயினில் கட்ட வேண்டும். பெறுகிற முகவரியில் அதுவரை யுஎஸ்டிடியே இருந்ததில்லை என்றால் பட்டியலில் புது வரி திறக்க வேண்டும், செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு: சுமார் 65,000 எனர்ஜிக்குப் பதில் 1,30,000. எனர்ஜி என்பது அங்கே வேலையை அளக்கும் அலகு, நம் டிஎன்பி மின்கட்டண யூனிட் மாதிரி.

இதை வைத்தே ஒரு ஏமாற்று. "ஐயோ எனக்கு விளங்கவில்லை, என் 12 சொல் இதுதான், உதவுங்கள்" என்று ஒருவர் டெலிகிராமில் எழுதுவார். திறந்து பார்த்தால் 2,000 யுஎஸ்டிடி இருக்கும், டிஆர்எக்ஸ் இருக்காது. பேராசைப்பட்டவர் கட்டணத்துக்கென்று கொஞ்சம் டிஆர்எக்ஸ் போடுவார், போட்ட நொடியில் அது காணாமல் போகும். யுஎஸ்டிடியை எடுக்கும் உரிமை அந்த 12 சொல்லிடமிருந்து ஏற்கனவே பிடுங்கப்பட்டிருக்கும். திருடப் போனவனிடம் திருடுகிறார்கள், போலீசுக்கும் போக முடியாது.

பழைய_கேஷியர் · வெள்ளி, காலை 6:40

அக்காலத்தில் லெபோ பினாங்கில் செட்டியார் கிட்டங்கியில் உண்டியல் எழுதுவார்கள். இங்கே காசு கட்டிச் சீட்டு வாங்கினால் காரைக்குடியில் கொடுப்பார்கள். சீட்டு கடல் தாண்டும், காசு தாண்டாது. பாயான் தம்பி முதல் நாள் எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தச் சீட்டை வாங்குகிறவன் செட்டியாரின் விலாசத்தைப் பார்த்து வாங்குவான். தாத்தா பெயர் வரைக்கும் தெரியும்.

கூலிம்_ஆடிட்டர் · வெள்ளி, காலை 9:12

செந்தூல் அக்கா, வெள்ளியாக மாற்றுவதுதான் உங்களுக்கு உண்மையான தலைவலி. டெலிகிராம் குழுவில் "நல்ல ரேட்" தருகிறேன் என்று வருபவரிடம் விற்காதீர்கள். அவர் உங்கள் வங்கிக் கணக்கில் போடும் வெள்ளி இன்னொரு அம்மாவை மோசடி செய்த பணமாக இருக்கலாம். திருட்டுப் பணம் சுமக்கும் கழுதைக் கணக்கு என்று உங்கள் கணக்கையே முடக்குவார்கள். மலாயில் கெல்டாய் என்று செய்தியில் வருகிறதே, அதேதான். அப்படி மாட்டினால் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடிக்க வேண்டிய ஆள் அந்த அம்மா, பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்.

செந்தூல்காரி · திங்கள், இரவு 8:33

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 5 டாலர் மட்டும் அனுப்பச் சொன்னேன், டிஆர்சி-20. பேரேட்டைத் திறந்து காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் என் முகவரியைப் போட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் "அனுப்பிவிட்டேன்" என்று எழுதி முடிக்குமுன் வந்துவிட்டது. கான்ட்ராக்ட் முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், கண் வலித்தது. விவரத்தைத் திறந்தால் உள்ளே 5000000 என்று பாயான் அண்ணன் சொன்ன அதே சைபர்கள். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

ஆனால் மீதி 635ஐ வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லிவிட்டேன். ஆடிட்டர் சொன்னதற்கு அப்புறம், அதை வெள்ளியாக்கத் தைரியம் வரவில்லை. எனக்கு வாடகை வெள்ளியில்தான். கட்டணத்தை அவரே ஏற்கிறேன் என்றார், மேக்சிஸ் கதைக்கான விலை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்று காலை வந்து சேர்ந்தது.

அந்த 5 யுஎஸ்டிடி அங்கேயே இருக்கிறது. திருப்பி அனுப்பலாம் என்று போனேன், டிஆர்எக்ஸ் இல்லை என்கிறது.

நடுநிசி_நாசிகண்டார் · திங்கள், இரவு 8:40

அக்கா, உங்கள் 12 சொல்லை இங்கே போடுங்கள், நான் உதவுகிறேன்.

செந்தூல்காரி · திங்கள், இரவு 8:41

உதை விழும்.

பழைய_கேஷியர் · செவ்வாய், காலை 6:15

இருக்கட்டும் மகளே. அப்பாவும் எல்லா நோட்டையும் மாற்றவில்லை. எருமைத் தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மைலோ டின்தான் துருப்பிடித்துவிட்டது.